பத்தாவது குடம்

என் மாமியாரை மூன்று தெருவும் சிரிப்பாய்ச் சிரிக்கும்படி செய்தவள் நான். இதை ஒத்துக்கொள்ள எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. வேண்டுமென்று செய்யவில்லை என்று சொன்னால் நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் என் வீட்டுக்காரர் மாதிரி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போங்கள்.

எண்பதுகளின் கடைசி. ஆவடியில், ராணுவ டாங்கி செய்யும் பேக்டரியின் குவார்ட்டர்ஸ். வீட்டில் மூன்றே பேர்: லேத்தில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், அவருடைய அம்மா, கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆன நான். வீட்டுக்காரருக்கு ஒரு அண்ணன், எனக்கு மச்சாண்டார், மஸ்கட்டில் இருந்தார். அவர் ஒரு கிறிஸ்துமஸுக்கு லீவில் வந்தபோது தம்பிக்கென்று ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்தார். எதிர்வீடு, பக்கத்து வீடு, மேல்வீடு எல்லாம் எங்கள் ஹாலில் கூடிவிட்டது. மச்சாண்டார் பெட்டியைப் பிரித்தார். உள்ளே டைப்ரைட்டரின் கீழ்ப்பாதி மாதிரி ஒரு பொருள், இரண்டு ஒயர், ஒரு புத்தகம், ஒரு கேசட். அவ்வளவுதான்.

மாமியார் காலிப் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். "இன்னாடா இது, பொத்தானு மட்டும் கீது? மீதியெல்லாம் ஏர்போர்ட்லயே புடுங்கிக்கினானுங்களா?"

"ம்மா, இவ்ளோதான். டிவியில மாட்டணும். டேப்ரெக்கார்டர்ல கேசட் போட்டா அதுலேர்ந்து எல்லாம் ஏறிக்கும்."

"கேசட்லயா? பாட்டா?"

"பாட்டு இல்லம்மா. புரோகிராம்."

மாமியாருக்குப் புரியவில்லை. எங்கள் யாருக்கும் புரியவில்லை என்பதுதான் நிஜம். ஆனால் மச்சாண்டார் அதற்குப் பிறகு சொன்னது எல்லோருக்கும் புரிந்தது. தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நீ ஆயுசுக்கும் லேத்துலயே நின்னுக்கினு இருக்கப் போறியா? இனிமே எல்லாம் கம்ப்யூட்டர்தான். அடுத்த கிறிஸ்துமஸுக்கு வருவேன். நீயா ஒரு புரோகிராம் போட்டு எனக்கு ஓட்டிக் காட்டணும். காட்டலைன்னு வெச்சிக்க, அப்படியே தூக்கினு போய் அம்பத்தூர்ல என் மச்சான் ஊட்ல குடுத்துடுவேன். அவன் பசங்களாவது உருப்படட்டும்."

அம்பத்தூர் என்றதும் மாமியார் முகம் சுருங்கியது. அது பெரிய மருமகள் பிறந்த வீடு. ஏற்கெனவே ஒரு மிக்ஸியும் ஒரு புது டேப்ரெக்கார்டரும் அந்த வழியில் போயிருந்தன. ஆனாலும் பெரிய பிள்ளை பேச்சுக்கு அவர் மறுபேச்சு பேச மாட்டார்.

என் வீட்டுக்காரர் பாவம். லேத்தில் தலைமுடி கனத்துக்கு இரும்பைச் சீவுகிறவர் அந்தப் பொத்தான்களுக்கு முன்னால் உட்கார்ந்தால், ஒவ்வொரு எழுத்தையும் தொலைந்துபோன சாவியைத் தேடுவது மாதிரி தேடுவார். புத்தகத்தில் மூன்றாம் பக்கம் தாண்டியதில்லை. அந்தப் பக்கத்தில் எண்ணெய்க் கறையோடு அவர் கன்னத்தின் அச்சுகூட இருந்தது. ஒரு மாசத்தில் கம்ப்யூட்டருக்கு மாமியார் கொக்கி ஊசியில் ஒரு வெள்ளை உறை பின்னிப் போட்டார். அதன்மேல் குழந்தை யேசு சுரூபம் வந்து உட்கார்ந்தது. "புருஷன் படிக்கிற பொருளு. நீ தொட்டுக் கிட்டுக் கெடுத்து வைக்காத" என்று எனக்கு உத்தரவும் போட்டார்.

தொடாதே என்று சொன்னால் என் கை சும்மா இருக்காது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். அதோடு அவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். நான் பூந்தமல்லியில் கல்யாணத்துக்கு முன்னால் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவள். அந்தப் பொத்தான் வரிசையை முதல் நாள் பார்த்தபோதே என் விரல் பத்தும் துடித்தது.

மாமியார் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தால் மூன்றரை மணி வரைக்கும் இடி விழுந்தாலும் எழ மாட்டார். வீட்டுக்காரர் முதல் ஷிப்ட். ஒரு நாள் குழந்தை யேசுவிடம் மன்னிப்புக் கேட்டு, அவரை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு, உறையைக் கழற்றினேன். டிவியின் ஆன்டெனா ஒயரைப் பிடுங்கிவிட்டு இதன் ஒயரைச் சொருகினேன். சேனலைத் திருகித் திருகி ஒரு வழியாகக் கறுப்புத் திரையில் ஒரு சின்ன வெள்ளைக் கட்டம் மினுக் மினுக்கென்று வந்தது. என் பெயரை அடித்தேன். திரையில் என் பெயர் வந்தது. நான் கையைத் தட்டிவிட்டு, ஐயோ என்று நானே வாயைப் பொத்திக்கொண்டேன். உள்ளே குறட்டை மாறவில்லை.

கூட வந்த கேசட்டில் ஒரு விளையாட்டு இருந்தது. குட்டி மனுஷன் ஒருவன் பள்ளம் பள்ளமாகத் தாண்டி ஓடுவான். அந்தக் கேசட்டை டேப்ரெக்கார்டரில் போட்டால் பாட்டு வராது. "கீ......" என்று ஒரு கூவல், அப்புறம் "கொர்ர்ர்" என்று காதைக் கிழிக்கும் இரைச்சல். ஒயரைச் சொருகிவிட்டால் சத்தம் வெளியே கேட்காது, நேராகக் கம்ப்யூட்டருக்குள் போகும். அந்த இரைச்சல்தான் புரோகிராம். மூன்று நிமிஷம் பொறுத்தால் திரையில் ஆள் ஓடுவான். ஒரு மாசத்தில் அத்தனை பள்ளத்தையும் தாண்டிவிட்டேன். அப்புறம் போரடித்தது. புத்தகத்தை எடுத்து, எண்ணெய்க் கறை இருந்த மூன்றாம் பக்கத்தைத் தாண்டி, நாலாம் பக்கம் போனேன்.

எனக்கு அதன்மேல் பைத்தியமே பிடித்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன். வரி வரியாக நம்பர் போட்டு எழுத வேண்டும். ஒரு கமா விட்டுப்போனால் தப்பு என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லும். சரியாக எழுதினால் நான் சொன்னதைச் சொன்னபடி செய்யும். யோசித்துப் பாருங்கள், அந்த வீட்டில் நான் சொன்னதைக் கேட்ட ஒரே ஜீவன் அதுதான். ஆனால் கரண்ட் போனால் எழுதியதெல்லாம் போச்சு. அதனால் பத்து வரிக்கு ஒரு தரம் கேசட்டில் பதிந்து வைத்துக்கொள்வேன்.

மஸ்கட்டிலிருந்து கடுதாசி வரும். "படிக்கிறியா?" என்று கேட்டிருப்பார். வீட்டுக்காரருக்குக் கடுதாசி எழுதவும் வராது என்பதால் அதுவும் என் தலையில்தான். "அன்புள்ள அண்ணனுக்கு, நன்றாகப் படித்து வருகிறேன். சொந்தமாக ஒரு விளையாட்டு எழுத ஆரம்பித்திருக்கிறேன்" என்று எழுதி நீட்டுவேன். அவர் படித்துப் பார்த்து, "இதெல்லாம் நான் எப்போ பண்ணேன்?" என்பார். "கையெழுத்துப் போடுங்க" என்பேன். போடுவார். டிசம்பரில் அண்ணன் கேட்டால் என்ன செய்வது என்று அவருக்குப் பயம். கம்ப்யூட்டர் போய்விடுமே என்று எனக்குப் பயம். அதனால்தான் இரண்டு பேரும் ஒரே கட்சியில் சேர்ந்தோம்.

என் விளையாட்டு இதுதான். குவார்ட்டர்ஸ் குழாயில் சாயங்காலம் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். திரையின் ஒரு மூலையில் குழாய், மறு மூலையில் வீடு. ஒரு பொட்டு குடம் தூக்கிக்கொண்டு ஓடும். ஒரு பெருக்கல் குறி அதைத் துரத்தும். பிடிபட்டால் குடம் கவிழும். பத்துக் குடம் வீடு சேர்ந்தால் ஜெயம். ஜெயித்தால் திரை முழுக்கத் தண்ணீர் ரொம்பி, ஒரு சின்ன இசை வரும். அந்தக் கடைசிக் காட்சிக்கு மட்டும் எனக்கு ஒரு மாசம் ஆயிற்று.

பொட்டு நான். பெருக்கல் குறி யார் என்று உங்களுக்கே தெரியும். மாமியாருக்கு மூட்டு வலி. இரண்டு அடி வைப்பார், ஒரு நொடி நிற்பார், மறுபடி இரண்டு அடி. பெருக்கல் குறியையும் அப்படியே நடக்க வைத்தேன். இரண்டு அடி, ஒரு நிறுத்தம். முதல் தடவை அது திரையில் நடந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கொழுப்பு என்றால் கொழுப்புதான், மறுக்கவில்லை.

கேசட்டைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடாக இருந்தது. மாமியாருக்கு ரேடியோவில் பிரசங்கம் வந்தால் பதிந்து வைத்துக்கொள்ள வேண்டும். கைக்கு எட்டின கேசட்டை எடுத்துப் போட்டு அதன்மேலேயே பதிந்துவிடுவார். என் கல்யாணப் பாட்டுக் கேசட் அப்படித்தான் நோன்புப் பிரசங்கமாகிப் போனது. சாமி கேசட் என்றால் மட்டும் தொட மாட்டார். அதனால் என் கேசட்டின் மேல் நல்ல கையெழுத்தில் "ஜெபமாலை: துக்க தேவ ரகசியங்கள்" என்று எழுதிப் பெட்டியில் வைத்தேன். இனி ஒருத்தரும் கை வைக்க மாட்டார்கள் என்று நிம்மதியாகத் தூங்கினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

டிசம்பரில் மாதா திருநாளுக்கு முன்னால் ஒன்பது நாள், மாதா சுரூபம் தினம் ஒரு வீட்டுக்குப் போகும். சாயங்காலம் தள்ளுவண்டியில் சுரூபம், பின்னால் மூன்று சக்கர சைக்கிளில் மைக்செட், அதன்பின் ஜெபமாலை சொல்லிக்கொண்டு ஜனம். அந்த வெள்ளிக்கிழமை, ஜெபம் சொல்லுகிற அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பவனியை நடத்துகிற கோயில் உபதேசியார் கையைப் பிசைந்துகொண்டு நின்றாராம். வெள்ளிக்கிழமை என்றால் துக்க தேவ ரகசியம் சொல்ல வேண்டும். என் மாமியார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்க ஊட்ல கேசட்டே கீது, இருங்க எடுத்தாறேன்" என்றாராம். நின்றாராம், என்றாராம் என்று சொல்வது எதனால் என்றால், நான் அப்போது அங்கே இல்லை. சேக்காட்டில் டெய்லரிடம் கிறிஸ்துமஸ் ரவிக்கை வாங்கப் போயிருந்தேன்.

திரும்பி வரும்போது குவார்ட்டர்ஸ் முனையில் அது என் காதில் விழுந்தது. முதலில் நீளமாக ஒரு கூவல். அப்புறம் கொர்ர்ர். குழாய் ஸ்பீக்கரில், தெருவே அதிரும்படி. மூன்று மாசமாகத் தினம் பதிந்து, ஒயரைப் பிடுங்கிக் கேட்டுச் சரிபார்த்த சத்தம், எனக்கா தெரியாது? ரவிக்கைப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினேன்.

நாய்கள் எல்லாம் தலையைத் தூக்கி ஊளையிட்டன. ஒரு கிழவர் உலகம் முடிகிறது என்று முழந்தாளிட்டுவிட்டார். மைக்செட்காரர் ஒரு பொத்தான் விடாமல் எல்லாவற்றையும் திருகிக்கொண்டிருந்தார். எங்கள் எதிர்வீட்டு அக்கா பெந்தகோஸ்து சபை. வாசலில் நின்று கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: "எங்க சபையில அந்நிய பாஷை பேசுவாங்க. ஆனா இவ்ளோ வேகமா யாரும் பேசி நான் கேட்டதில்லம்மா."

ஒரு நிமிஷத்துக்கு மேலே ஓடியிருக்கும். உபதேசியார் மைக்கைப் பிடுங்கி, "நிறுத்துப்பா! நிறுத்து!" என்று கத்தினார். அவர் பக்கத்திலேயே நின்ற மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஐயோ மாதாவே, என் மானம் போச்சே!" என்றார். மைக் அதையும் பிடித்து மூன்று தெருவுக்கும் சொன்னது. அப்போதுதான் ஜனம் சிரித்தது.

உபதேசியார் நல்ல மனுஷர். அதுதான் வினை. மாமியாருக்கு அவமானமாகிவிட்டதே என்று மனசு கேட்காமல், "பரவாயில்லம்மா, உங்க கேசட்டு கெட்டுப்போச்சு. இப்ப நாம எல்லாரும் சேர்ந்து சொல்ற ஜெபமாலையை இதுலயே முதல்லேர்ந்து பதிஞ்சு குடுத்துடறோம்" என்றார். நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போய்ச் சேர்ந்தபோது சிவப்புப் பொத்தான் அழுந்தியிருந்தது. ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் சொல்லி முடிகிற வரைக்கும் நான் அங்கே நின்றேன். வேறென்ன செய்ய? மாதா முன்னால் நின்று, அது என் விளையாட்டுக் கேசட் என்று சொல்ல முடியுமா? ஒவ்வொரு மணிக்கும் என் வரிகள் பத்துப் பத்தாக அழிந்துகொண்டிருந்தன. கூடவே நானும் ஜெபம் சொன்னேன். அன்றைக்கு அழுத மாதிரி பக்தியாக நான் என்றைக்கும் அழுததில்லை, பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் சாப்பிடவில்லை. "அந்த கேசட்ட எங்கடி வாங்கின?" என்று கேட்டார்.

"எங்கம்மா குடுத்தாங்க அத்த. பூந்தமல்லியில வாங்கினாங்களாம்." பெற்ற தாயைக் காட்டிக் கொடுத்துவிட்டேன்.

"அதானே பாத்தேன்" என்றார் மாமியார். அதில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைத்த மாதிரி இருந்தது. ஆனாலும் அடுத்த நாள் அவர் தண்ணீர் பிடிக்கவோ பால் வாங்கவோ வெளியே போகவில்லை. என்னைத்தான் அனுப்பினார். வாசலில் நின்று வம்பு பேசாமல் அவரால் ஒரு நாள்கூட இருக்க முடியாது. அதைப் பார்த்து எனக்கு உள்ளே சுருக்கென்றது.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டி அழுதேன். அவர் முதலில் யாரோ செத்துவிட்டார்கள் என்று பயந்தார். விஷயம் புரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் முறைத்த முறைப்பில் நிறுத்தினார். அப்புறம் மெதுவாக, "அந்த மைக்செட்காரர் இன்னொரு டேப்ரெக்கார்டர் வெச்சிருந்தாரே, நீ கவனிக்கல?" என்றார். மூன்றாவது தெருவில் ஒரு வீட்டுப் பிள்ளை துபாயில் இருந்தான். அவனுக்கு அனுப்புவதற்காக மாதா பவனி முழுவதையும் பதிவு செய்யச் சொல்லியிருந்தார்களாம். "மைக் வெச்சுப் பதியல. ஆம்ப்ளிபயர்லேர்ந்து நேரா ஒயர் போகுது. நான் பார்த்தேன்." எழுத்தைத் தேடத் தெரியாத மனுஷர்தான், ஆனால் ஒயர் எங்கே போகிறது என்று பார்க்கத் தெரிந்தவர். அன்றைக்கு அவரைக் கட்டிக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுதேன்.

மைக்செட்காரருக்குத் திருமழிசை. அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று பூந்தமல்லிக்குப் போய், அங்கிருந்து வேறு பஸ் பிடித்துப் போய் இறங்கினேன். கடை முழுக்கக் குழாய் ஸ்பீக்கர். "எனக்கு அந்தப் பவனி கேசட் காப்பி வேணும்" என்றேன்.

"தாராளமா எடுத்துக்கக்கா. பாட்டுங்கோ ஜோராக் கீது. அந்தக் கத்தல மட்டும் அழிச்சிட்டுத் தரேன்."

"கத்தல் மட்டும்தான் வேணும். பாட்டு வேணாம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாக்கா, உடம்பு கிடம்பு சரியில்லியா?"

நான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினேன். "எங்க வீட்டுக்காரர் பேக்டரியில இருக்கார். அது அங்க உள்ள விஷயம். தப்பிப் போய் கேசட்ல ஏறிடுச்சு. இதுக்கு மேல கேக்காதீங்க." ஆவடிப் பக்கத்தில் பேக்டரி விஷயம் என்று சொன்னால் அப்புறம் எவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். மைக்செட்காரர் முகம் வெளுத்தது. ஐந்தே நிமிஷத்தில் காப்பி என் கையில் இருந்தது. "நான் ஒண்ணும் கேக்கலக்கா, நீயும் இங்க வர்ல" என்றார். பாவம், அந்த மனுஷரிடம் இன்றுவரை நான் உண்மையைச் சொல்லவில்லை.

அடுத்த மத்தியானம் கேசட்டைப் போட்டேன். ஏறவில்லை. சத்தம் கூட்டினால் தப்பு, குறைத்தால் தப்பு. சத்தம் கூட்டும் குமிழில் ஏற்கெனவே நெயில் பாலிஷில் ஒரு புள்ளி வைத்திருந்தேன், அதைவிட ஒரு மயிரிழை தள்ளி வைத்து ஏழாவது தடவை போட்டதும் வரிகள் ஏற ஆரம்பித்தன. குழாய் வந்தது, பொட்டு வந்தது, இரண்டு அடி ஒரு நிறுத்தம் நடை வந்தது. ஒன்பது குடம் வரைக்கும் வந்தது. அங்கே உபதேசியார் "நிறுத்துப்பா" என்று சொல்லியிருந்தார். அதோடு நின்றது. பத்தாவது குடம், திரை ரொம்பும் தண்ணீர், இசை, ஒரு மாச உழைப்பு, எல்லாம் ஜெபமாலைக்கு அடியில் போய்விட்டது.

மறுபடி எழுதலாம்தான். ஆனால் கிறிஸ்துமஸுக்குப் பத்தே நாள். மாமியார் மத்தியானத் தூக்கத்தையே விட்டுவிட்டார். மாவு பிசைந்து, சோழி மாதிரி சுருட்டி, குல்குல் பொரிக்க வேண்டும். அதிரசம், முறுக்கு எல்லாம் என் கையில்தான். கிடைத்த அரை மணி நேரத்தில் ஒரு ஒட்டுப் போட்டேன். ஒன்பதாவது குடம் வீடு சேர்ந்ததும் "THANNI ILLAI" என்று திரையில் வரும், ஆட்டம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். எங்கள் குழாயும் அப்படித்தானே நிற்கும், யார் சந்தேகப்படப் போகிறார்கள்? அதை அதே கேசட்டின் மறுபக்கத்தில் பதிந்தேன். பின்பக்கம் போடுங்கள், பின்பக்கம் போடுங்கள் என்று வீட்டுக்காரருக்கு நூறு தடவை சொன்னேன். விளக்கமாக மூன்று வாக்கியமும் மனப்பாடம் பண்ண வைத்தேன்.

மச்சாண்டார் வந்தார். கிறிஸ்துமஸ் அன்று பூசை முடிந்து, பிரியாணி சாப்பிட்டு, வெற்றிலையும் போட்டுக்கொண்டு, "எங்கடா, காட்டு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். மாமியார் பாயில் உட்கார்ந்து குல்குல் கொறித்துக்கொண்டிருந்தார். குழந்தை யேசு ஜன்னல் திண்டுக்குப் போனார். வீட்டுக்காரர் கேசட்டைப் போட்டார்.

முன்பக்கத்தைப் போட்டுவிட்டார்.

திரையில் தப்பு என்று வந்தது. "கேசட்ல எதுனா கீதா பாப்போம்" என்று மச்சாண்டார் எட்டி ஒயரைப் பிடுங்கினார். ஹால் முழுக்கக் கொர்ர்ர். அதைத் தொடர்ந்து உபதேசியார் குரல்: "நிறுத்துப்பா! நிறுத்து!" அதன்பின் மாமியாரின் குரல், தெள்ளத்தெளிவாக: "ஐயோ மாதாவே, என் மானம் போச்சே!"

மாமியார் வாயில் குல்குல் அப்படியே நின்றது. அவர் டேப்ரெக்கார்டரைப் பார்த்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். கேசட்டைத் திருப்பிக்கொண்டிருந்த மகனைப் பார்த்தார். கடைசியில் சமையலறை வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். அவர் வாயிலிருந்ததை மெதுவாக மெல்ல ஆரம்பித்தார்.

பின்பக்கம் ஏறியது. ஆட்டம் வந்தது. மச்சாண்டார் முன்னால் குனிந்தார். "நீயாடா போட்டே? அந்தப் பெருக்கல் குறி எப்படிடா துரத்துது, அந்த வரியைச் சொல்லு."

வீட்டுக்காரர் முதல் வாக்கியத்தைச் சொன்னார். இரண்டாவது வரவில்லை. வேர்த்து ஊற்றியது. "எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே" என்று உடைத்துவிட்டார். "எல்லாம் இவதான் போட்டா. உனக்கு வந்த லெட்டர் கூட இவதான்."

மச்சாண்டார் என்னைப் பார்த்தார். "நீயாம்மா?"

"ஆமாங்க மாமா."

அவர் தாடையைச் சொறிந்தார். "நல்லாத்தான் கீது. ஆனா தம்பி கத்துக்கணும்னுதான் நான் கொண்டாந்தேன். குடம் தூக்கறதுக்கு இல்ல. அம்பத்தூர்லயும் சொல்லிட்டேன். சொன்னா சொன்னதுதான்." எழுந்து பரணிலிருந்து காலிப் பெட்டியை இறக்கினார். என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. என் உலகத்தையே ஒரு பெட்டியில் போட்டுக் கட்டப் போகிறார், எனக்கு அப்படித்தான் இருந்தது.

மாமியார் பாயோடு திரைக்குப் பக்கத்தில் நகர்ந்தார். பெருக்கல் குறி நடந்துகொண்டிருந்தது. இரண்டு அடி, ஒரு நிறுத்தம். இரண்டு அடி, ஒரு நிறுத்தம். அவர் தன் மூட்டைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏண்டி" என்றார், என்னைத் திரும்பிப் பார்க்காமல். "நான் இவ்ளோ மெதுவாவா நடக்கறேன்?"

வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார்.

"பொத்தான இங்க குடு. கொடத்த நான் தூக்கறேன். அவகிட்ட மாட்றேனா பாப்போம்."

கொடுத்தேன். நாலு பொத்தானைக் காட்டி, பத்துக் குடம் சேர்த்தால் ஜெயம் என்றேன். முதல் குடத்திலேயே மாட்டிக்கொண்டார். "அடிப்பாவி, எங்கேர்ந்து வரா பாரு!" என்று தன்னையே திட்டினார். இரண்டாம் ஆட்டத்தில் மூன்று குடம். பெட்டியோடு மச்சாண்டார் வந்து நின்றார்.

"ம்மா, குடு, கட்டணும்."

"டேய், அந்தப் பொட்டிய கீழ வை. புரோகிராம் போட்டுக் காட்டணும்னு சொன்ன, ஊட்ல ஒருத்தி போட்டுட்டா. யாரு போட்டா இன்னா? நான் பத்துக் கொடம் ரொப்பற வரைக்கும் இத எவனும் தொடக்கூடாது."

"நான் பத்து நாள்ல ஊருக்குப் போயிடுவேன்மா."

"போ. ரொப்பினதும் லெட்டர் போடறேன். வந்து எடுத்துக்கோ."

பத்து நாளும் அவர் ஆடினார். ஊருக்குப் போகும் முன்தினம் ஒன்பது குடம் சேர்த்துவிட்டார். தண்ணி இல்லை என்று வந்தது. "இந்தக் கொழாயும் அப்படித்தான், கட்டைல போக!" என்று கத்தினார். மச்சாண்டார் தலையில் அடித்துக்கொண்டு, காலிப் பெட்டியை மறுபடி பரணில் ஏற்றிவிட்டு, பிளைட் ஏறினார்.

அதன்பிறகு மாமியாருக்கும் எனக்கும் மத்தியானத் தூக்கமே கிடையாது. மூன்று மணி வரைக்கும் நான் புதுசு புதுசாக எழுதுவேன். மூன்று மணியிலிருந்து குழாயில் தண்ணீர் வரும் வரைக்கும் அவர் குடம் தூக்குவார். வாசலுக்கும் போக ஆரம்பித்துவிட்டார். மாதா பவனியைப் பற்றி யாராவது கிண்டினால், "அது கம்ப்யூட்டருடி, எங்க ஊட்ல கீது, உங்க ஊட்ல கீதா?" என்று மூக்கை உடைப்பார். அந்தக் கேசட்டைப் பற்றி என்னிடம் அவர் கேட்கவே இல்லை. எப்போது கேட்பார், எப்போது கேட்பார் என்று நான்தான் பயந்துகொண்டிருந்தேன்.

சித்திரை மாசம் மஸ்கட்டிலிருந்து கடுதாசி வந்தது. "அம்மா ஜெயித்துவிட்டாரா? அம்பத்தூரில் கேட்கிறார்கள்." மாமியார் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, ஒரு ஏர்மெயில் லெட்டரை என் பக்கம் தள்ளினார்.

"எழுது. அன்புள்ள மவனுக்கு, இன்னும் ஒரு கொடம் பாக்கி."

எழுதினேன். பசையைத் தடவி மடித்துக்கொண்டே, வாசலில் யாரும் இல்லையே என்று பார்த்துவிட்டு, அவர் என் காதோடு வந்து சொன்னார்:

"பத்தாவது கொடத்த மட்டும் நீ எழுதித் தொலச்சிடாதடி."